கூவத்தில் தொட்டி மீன்கள்

திருவேற்காடு பாலத்தருகே பேருந்து பழுதாகி நிற்கிறது. கீழே கூவம். குப்பையை அள்ளிய பிறகு இங்கே தண்ணீர் கொஞ்சம் தெளிந்து, கெண்டையும் குரவையும் திரும்பி வந்திருப்பதாகக் கேள்வி. பார்க்க இறங்குகிறேன்.

முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையை இழுக்கிறார். வலை நிறைய, உடம்பெல்லாம் ஓடு போர்த்திய கறுப்பு மீன்கள். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வளர்ப்பார்களே, அந்தச் சாதி. கரையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கல்லால் அடிக்கிறார். பெயர் மணி. காட்டுப்பாக்கத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தவராம்.

"கடைய மூடும்போது இதுங்களக் கொல்ல மனசு வர்ல அண்ணாத்தே. பொழச்சிப் போவட்டும்னு நாந்தான் கொண்டாந்து இங்க உட்டேன்."

"கெண்டை, குரவையெல்லாம்?"

"இன்னாத்த கீது? அதுங்க முட்டைய பூரா இதுங்க துன்னுடுச்சிங்க."

"எல்லாத்தையும் பிடிச்சிட முடியுமா?"

அவர் என் கையைப் பிடித்துக் கரையோரத் தண்ணீருக்குள் விடுகிறார். மண்ணில் ஒரு பொந்து. பக்கத்தில் இன்னொன்று. உள்ளே வழவழவென்று முட்டைகள் விரலில் படுகின்றன. கையை இழுத்துக்கொள்கிறேன்.

"கரை முச்சூடும் இப்டித்தான் கீது" என்கிறார். மறுபடி வலையை வீசுகிறார்.