தியேட்டருக்குள் கீர்த்தனை

இன்று லண்டன் வெம்பிளிக் கடையொன்றில் கோதுமை மா நெய்யில் வறுபடும் வாசம் அடித்ததும், படிப்பு ஏறாத என் மண்டைக்குள் பிளேஸ்டோவின் பழைய தியேட்டர் திறந்துகொண்டது. சீக்கியர்கள் அதை வாங்கிக் குருத்வாரா ஆக்கியிருந்தார்கள். சின்ன வயதில் ஞாயிறுதோறும் அம்மா என்னை அங்கே கூட்டிப்போவார். ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்து கீர்த்தனை எழும்ப, நான் தலையில் கைக்குட்டை கட்டி, சரிவான தரையில் வழுக்காமல் உட்கார்ந்து, திரை எப்போது விலகும் என்று பார்த்தபடியே இருப்பேன்.

“எப்பம்மா படம் தொடங்கும்?”

“விசரா, இது கோயிலடா. கோதுமை மா அல்வா தருவினம், பேசாமல் இரு.”

சொல்லிவிட்டு அம்மா அழுவார். தமிழ்க் கோயிலில் அழுதால், போரில் காணாமல்போன அப்பாவைப் பற்றி ஆளாளுக்கு விசாரிப்பார்கள். இங்கே பக்கத்துப் பஞ்சாபிப் பெண் எதுவும் கேட்காமல் முதுகைத் தடவிக்கொடுப்பார்.

அப்பா வரவேயில்லை. போன மாதம் அம்மாவும் போய்விட்டார். தியேட்டரை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். இந்த லண்டனில் எங்கே போய் அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.