கண்ணாடியில் கறுப்பு நட்சத்திரங்கள்

ஒன்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தது போதும். இனியும் பேசாமலிருந்தால் அதைக் கோபம் என்று சொல்லிக்கொள்ள முடியாது; கோழைத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மிஸ் சோலாஞ்ஜ் இறந்த செய்தி காத்ர் போர்ன் நகரில் ஒரு முடிதிருத்தும் கடையில் என்னை வந்து சேர்ந்தது. நண்பகல். வானொலியில் வழக்கம்போல் மரண அறிவிப்புகளைப் பிரெஞ்சில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பெயர், ‘ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை’ என்ற மூன்று சொற்கள், மூன்று மணிக்குச் சவ ஊர்வலம் வீட்டிலிருந்து புறப்படும் என்ற தகவல், அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் சோப்பு நுரை. நான் அசைந்ததைப் பார்த்துக் கடைக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தார்.

“ஓ கோன் லி, மிசியே?” என்று கேட்டார். அவரைத் தெரியுமா என்று.

“நோன்,” என்றேன். தெரியாது.

அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெறவே இதை எழுதுகிறேன்.

அவருக்கான இந்த நினைவு மலரைத் தொகுப்பவர்கள் மூன்று மொழிகளில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பக்கங்களை மிஸ் சோலாஞ்ஜ் உயிரோடு இருந்தாலும் படித்திருக்க முடியாது. அவருடைய குடும்பப் பெயர் தமிழ், அவர் போனது மாதா கோயிலுக்கு, பேசியது கிரியோல். எங்கள் மொழியில் அவருக்குப் பத்துச் சொற்கள் தெரிந்திருந்தால் அதிகம். நானோ தமிழ்நாட்டில் கணிதத்தில் முதுகலை முடித்து, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தத் தீவுக்கு வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவன். சென்ட்ர் டி ஃப்ளாக் ஊருக்கு வெளியே, கரும்புக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு தனியார் கல்லூரியில் (இங்கே மேல்நிலைப் பள்ளியைத்தான் கல்லூரி என்பார்கள்), ஐந்தாம் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு அவர் இயற்பியல், நான் கணிதம். என் தகுதிக்கு அந்த இடம் போதாது என்பது என் எண்ணம். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அவர் கிரியோலில் சொன்னவற்றை இங்கே என் ஊர்ப் பேச்சில்தான் தர முடிகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வகுப்பு தொடங்கும்போது முப்பது பேர் இருந்தால் ஆண்டு முடிவில் இருபது பேர்தான் இருப்பார்கள். பையன்களைக் கடலோர ஹோட்டல்கள் எடுத்துக்கொண்டன. பெண்களைப் பின்னலாடைத் தொழிற்சாலைகள். காலையில் கல்லூரி மணி அடிக்கும்போது, சென்ற ஆண்டு என்னிடம் வகைநுண்கணிதம் படித்த பெண் தொழிற்சாலை வேனின் ஜன்னலிலிருந்து கையசைத்துவிட்டுப் போவாள். நான் கையசைக்க மாட்டேன். மிஸ் சோலாஞ்ஜ் வேன் மறையும்வரை கையசைத்துக்கொண்டு நிற்பார்.

அப்படிப்பட்ட ஓர் ஆண்டில்தான் எட்டு மரப்பெட்டிகள் கப்பலில் வந்தன. தென்கோளத்தில் எங்கோ ஒரு பழைய வானோக்கு நிலையத்தை மூடிவிட்டார்கள். அங்கே பல பத்தாண்டுகளாக எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களில் இரட்டைப் பிரதிகள் இருந்தால் எங்களுக்குக் கொடுங்கள் என்று மிஸ் சோலாஞ்ஜ் கடிதம் எழுதியிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள். சுங்க அதிகாரி ஒரு தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த ஹோட்டலுக்கு ஜன்னல் கண்ணாடி இது? அழுக்கா இருக்கே.”

“அழுக்கு இல்ல, மிசியே. அதெல்லாம் நட்சத்திரம்,” என்றார் மிஸ் சோலாஞ்ஜ்.

அந்தத் தகடுகளில் வானம் தலைகீழ் நிறத்தில் இருக்கும். இரவு தெளிந்த கண்ணாடி. நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகள். விண்மீன் ஆராய்ச்சி என்றால் இருட்டில் தொலைநோக்கியோடு விழித்திருப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாங்கள் அதைச் சனிக்கிழமை பிற்பகல்களில், ஆய்வகத்தின் மேற்கு ஜன்னலில், வெயிலை வைத்துக்கொண்டு செய்தோம். தகட்டை உயர்த்திப் பிடித்தால் அதற்குப் பின்னால் கரும்புப் பூக்கள் வெள்ளி நிறத்தில் அசையும். அவற்றின் மேல் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்துபோன ஓர் இரவு கறுப்பாகத் தூவிக்கிடக்கும். சுற்றுலாப் பேருந்து ஒன்று கடலை நோக்கிப் போகும். அதன் நிழல் அந்த இரவுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். அந்தப் பிற்பகல்கள் எவ்வளவு நேரம் நீடித்தன என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நாங்கள் ஆராயத் தேர்ந்தெடுத்த நட்சத்திரம் சில தகடுகளின் ஓரத்தில் இருந்தது. அது சில நாட்களுக்கு ஒருமுறை சில மணி நேரம் மங்கிப் பிறகு மீண்டும் பிரகாசிக்கும். அதாவது புள்ளி சிறுத்துப் பிறகு பெரிதாகும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதை யாரும் சரியாகக் கணித்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எங்கள் புள்ளி மிளகு அளவா, கடுகு அளவா, கசகசா அளவா என்று மாணவர்கள் சொல்வார்கள். மிஸ் சோலாஞ்ஜ் அதை எண்ணாக மாற்றிக்கொள்வார்.

ஒரு நடைமுறையில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. தகட்டை உறையிலிருந்து எடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். பார்ப்பவருக்குத் தேதி தெரியக் கூடாது. பார்த்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், காலி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். “பா கெத் லான்வ்லோப், கெத் வித்,” என்பார். உறையைப் பார்க்காதே, கண்ணாடியைப் பார். நான் மட்டும் என் ஊற்றுப்பேனாவின் நீல மையில் எழுதுவேன். மற்ற எல்லாரும் பென்சில். “பேர் போடாம எழுதி என்ன பிரயோஜனம், மிசியே? உங்க மை ஊருக்கே உங்க பேரைச் சொல்லுது,” என்று கேலி செய்வார். நான் சிரிக்க மாட்டேன்.

அந்த நடைமுறையை அவரே ஒருமுறை மீறினார். ஒரு சனிக்கிழமை ஒரு தகட்டை உறையோடு என் கையில் வைத்து, “இதுக்கு மட்டும் உறையைப் பாருங்க,” என்றார். நான் பிறந்த நாளின் தேதி. என் பிறந்த நாளைப் பணியாளர் பதிவேட்டில் பார்த்து வைத்திருக்கிறார். என் தாய் என்னைப் பெற்ற அந்த இரவில் வேறொரு நாட்டில் யாரோ ஒருவர் தெற்கு வானத்தை ஒரு மணி நேரம் கண்ணாடியில் பிடித்திருக்கிறார். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் ஜன்னலை மூடாமல் காத்திருந்தார்.

செல்வினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன பெண். அங்கே பின்னிய துணியில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்க, நேராக ஆய்வகத்துக்கு வருவாள். எங்களிடம் நல்ல உருப்பெருக்கி இல்லை. துணியில் நூல் எண்ணும் சின்ன மடிப்புக் கண்ணாடி ஒன்றை, கீல் உடைந்தது என்று தொழிற்சாலையில் ஒதுக்கியதை, அவள்தான் கேட்டு வாங்கி வந்தாள். அதை வைத்துத்தான் எல்லாரும் நட்சத்திரம் பார்த்தோம். ஒரே தகட்டை மூன்று மாதம் கழித்து வேறு உறையில் வைத்துக் கொடுத்தாலும் அவள் அதே அளவைத்தான் சொல்வாள். எங்களில் வேறு யாருக்கும் அந்தக் கண் இல்லை. எனக்கும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

எண்களை வைத்துக் கணக்குப் போட்டவன் நான். கணிப்பான் ஒன்று, சதுரக் கோட்டுத் தாள்கள், நான்கு மாதம். ஒரு நாள் எல்லாப் புள்ளிகளும் ஒரே வளைவில் வந்து அமர்ந்தன. நட்சத்திரம் மங்கும் கால இடைவெளி கிடைத்துவிட்டது. வெளிநாட்டில் வானோக்கர்களுக்காக வரும் சிறு இதழ் ஒன்றுக்கு இரண்டு பக்கக் குறிப்பு அனுப்பலாம் என்றார் மிஸ் சோலாஞ்ஜ். அச்சில் என் பெயர் எப்படி இருக்கும் என்று அன்று மாலை எழுதிப் பார்த்தேன். இருபது முறையாவது எழுதியிருப்பேன்.

அந்த ஜனவரியில் புயல் வந்தது. ஆய்வகக் கூரையில் இரண்டு தகரங்கள் பறந்தன, பெட்டிகள் நனைந்தன. உறைகளைக் கிளிப் போட்டுத் துணி மாதிரி கயிற்றில் உலர்த்தினோம். தகடுகளைச் சமையலறைத் தட்டுச் சட்டங்களில் வரிசையாக நிறுத்தினோம். நடைபாதை முழுக்க இரவுகள் காய்ந்துகொண்டிருந்தன. பிறகு அவற்றை உறைகளில் போட்டோம். எண் அழிந்த உறைகளில் மறுபடி எண் எழுதினோம். பாதியைச் செல்வினா செய்தாள், பாதியை நான்.

அச்சுக்கு அனுப்பும்முன் எங்கள் நட்சத்திரம் பதிந்த தகடுகள் அனைத்தையும் எல்லாரும் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் மிஸ் சோலாஞ்ஜ். நானும் பார்த்தேன். நாற்பத்தொரு தகடுகள். கணக்குப் போட்டவனுக்குத் தேதிகள் மனப்பாடம். உறைகள் என் கண்ணெதிரே மேசையில் இருந்தன. சீட்டுகளைக் கொட்டி ஒப்பிட்டபோது இரண்டு தகடுகளில் இடித்தது. எல்லாரும் மிளகு என்றதை நான் கசகசா என்றிருந்தேன். எல்லாரும் கசகசா என்றதை மிளகு என்றிருந்தேன். மிஸ் சோலாஞ்ஜ் அந்த இரண்டு தகடுகளையும் எடுத்து, மூலையில் கண்ணாடியிலேயே கீறியிருந்த எண்ணைப் பார்த்தார். தகடுகள் உறை மாறியிருந்தன.

என் கணக்கு சரி. நட்சத்திரம் மங்க வேண்டிய நாளில் மங்கியிருந்தது. ஆனால் நான் பார்த்தது நட்சத்திரத்தை அல்ல, உறையின் மேல் இருந்த தேதியை.

“யார் இதை மாத்திப் போட்டது?” என்று கேட்டார்.

“செல்வினாவா இருக்கும்,” என்றேன்.

செல்வினா என்னைப் பார்த்தாள். செய்தி கல்லூரித் தலைவரான ரெக்டர் காதுக்குப் போனது. தொழிற்சாலைப் பெண்ணுக்கு ஆய்வகத்தில் என்ன வேலை என்று அவர் அவள் வருவதை நிறுத்தினார். அந்த ரெக்டரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. பின்னாளில் எங்கள் வேலையைப் பற்றி வந்த செய்தித்தாள் புகைப்படத்தில் பெட்டிகளுக்கு முன்னால் நின்றவர் அவர். ஆனால் அவர் கையில் அந்தக் கோலைக் கொடுத்தவன் நான்.

மிஸ் சோலாஞ்ஜ் என்னைத் தனியே அழைத்து, என் நாற்பத்தொரு சீட்டுகளையும் விலக்கப்போவதாகச் சொன்னார்.

“உங்க கண்ணு பொய் சொல்லல, மிசியே. கணக்கு முந்திக்கிட்டு வந்து கண்ணை மறைச்சிடுச்சு. எனக்கும் நடக்கும்.”

“என் சீட்டு வேண்டாம்னா என் பெயரும் வேண்டாம்.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

“கோரெக்,” என்றார். சரி என்று அர்த்தம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது அவர் குறை. இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் இறங்கவில்லை. அந்த ஆண்டு முடிவில் வேறு கல்லூரிக்கு மாறினேன். அச்சான இதழை அவர் அஞ்சலில் அனுப்பினார். உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். பெட்டிகளை அவர் சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாகத் தம் வீட்டுக்கு எடுத்துப்போனதாகவும், செல்வினா அங்கே போய் வேலையை முடித்துக் கொடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்று முடிதிருத்தும் கடையிலிருந்து இறங்கிப் பேருந்து பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. மாதா கோயில் மதிலோரம் நின்றேன். செல்வினா என்னைக் கண்டு வந்தாள். இப்போது தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கே மேற்பார்வையாளர். என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆயோ மிசியே, ஒரு பக்கம் சரியா மழிக்கவே இல்ல.”

அங்கேயே சொன்னேன். அந்த இரண்டு தகடுகளையும் மாற்றிப் போட்டவன் நான் என்று. தெரிந்தேதான் அவள் பெயரைச் சொன்னேன் என்றும்.

“தெரியும், மிசியே. அந்த ரெண்டு உறையிலயும் நம்பர் நீல மைல இருந்துச்சே. மிஸ்ஸும் அன்னைக்கே பாத்தாங்க.”

“ஏன் யாரும் சொல்லல?”

“நான் கேட்டேன். ‘லெஸ் லி’ன்னாங்க. விடு, அவரே சொல்லுவாருன்னு.” மதிலில் சாய்ந்துகொண்டாள். “கொஞ்சம் லேட்டாக்கிட்டீங்க.”

“உனக்குக் கோபம் இல்லையா?”

“இருந்துச்சு. ரெண்டு வருஷம். அப்புறம் ஷிஃப்ட் மாத்திட்டாங்க, நேரமில்ல,” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்போடு சேர்ந்து அழுதாள்.

மறுவாரம் அவள் அந்த பிஸ்கட் டின்னையும், நான் திருப்பி அனுப்பிய உறையையும் கொண்டுவந்து கொடுத்தாள். உறையைப் பிரித்தேன். குறிப்பில் மிஸ் சோலாஞ்ஜ் பெயரும் செல்வினா பெயரும் இன்னும் இரு மாணவர்கள் பெயரும் இருந்தன. கடைசிப் பத்தியில் ஒரு வரி: மங்கும் இடைவெளியைக் கணித்தவர் எங்கள் கணித ஆசிரியர், தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவர் கணக்கு இல்லாமல் இந்தக் குறிப்பு இல்லை. டின்னுக்குள் ரப்பர் வளையம் போட்டு நாற்பத்தொரு நீல மைச் சீட்டுகள். அவர் அவற்றை எறியவில்லை. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று செல்வினா ஒருமுறை கேட்டதற்கு, “இதுவும் பதிவுதான். வானத்தைப் பத்தி இல்ல, பாக்குற ஆளைப் பத்தி,” என்றாராம்.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சீட்டுகளை. வெயிலில் பிடித்துப் பார்த்த, நான் பிறந்த இரவையும். ஒரு மனிதனை மதிப்பிடும்முன் நான் பார்ப்பது அவனையா, அவன் மேல் ஒட்டியிருக்கும் உறையையா என்று ஒரு கணம் தயங்குகிறேன். தினமும் இல்லை, சில நாட்களில்.

இதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கடைசியில் பெயர் போடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். சொல்ல வேண்டியவளிடம் நேரில் சொல்லிவிட்டேன். என் பெயரைப் பார்த்தால், எங்களுக்குள் இருந்த சண்டையை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் என்னைத்தான் தேடுவார்கள். அவர் சிறுத்துக் கசகசா ஆகிவிடுவார். அச்சில் என் பெயரைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை இந்தத் தாள்களை மடித்து உறையில் போட்டு, உள்ளேயும் வெளியேயும் பெயர் எழுதாமல், அஞ்சல் பெட்டியில் போடப் போகிறேன். அவருடைய டின்னில் நான் சரியாகப் போடும் முதல் சீட்டு இது.