செனற்றர் கட்டாயம் வெல்லுவார்

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லை. எல்லையோர ஊரான பஃபலோவைத் தாண்டி அந்த நாட்டுக்குள் போனதும் இல்லை. எங்கள் வட்டார நகரசபை உறுப்பினர் யார் என்று கேட்டால் இப்போதும் முழிப்பேன். இப்படிப்பட்ட நான் போன குளிர்காலம் முழுவதும், அங்கே ஒரு செனற்றர் அடுத்தமுறை தன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வருவாரா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அதைக் கேட்டுத் தொலைக்க வேண்டிவந்தது நாங்கள் இருக்கும் மல்வேர்னில், பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு. மன்னார்ப் பெண். நகரத்தின் மறுகோடியில், பிறம்ரனில் நான் வேலை செய்யும் அதே வெயர்ஹவுசில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். கோடை முடிவில் நீரிழிவுக்காரனான எனக்கு இரத்தத்தில் சீனி இறங்கி, அங்கேயே பெட்டிகளோடு பெட்டியாக விழுந்தேன். டொக்டர் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுதிப்போட, கார் ஓட்டும் லைசென்ஸ் நின்றது. வசந்தம்வரை மயங்காமல் இருந்தால் திரும்பக் கிடைக்கும். பஸ்ஸை நம்பினால் காலை ஷிஃப்ற் தொடங்கி வெகுநேரத்துக்குப் பிறகுதான் போய்ச்சேரலாம். லைசென்ஸ் வராவிட்டால் வேலையும் இல்லை.

"அதுவரைக்கும் நான் என்ர காரில ஏத்திறன். வெள்ளன வெளியில நில்லுங்கோ அண்ணை" என்றார் தங்கச்சி. அவ்வளவுதான் பேச்சு.

அந்த நன்றிக்கடனை நான் அரசியலால் தீர்த்தேன். நெடுஞ்சாலையில் ஏறியதுமே செனற்றர் கதையைத் தொடங்குவேன்.

"சட்டைக் கையை மடிச்சுக்கொண்டு பெரிய கொம்பனிகளைத் திட்டுறார். சனத்துக்குப் பிடிக்கும். ஆனா சொந்தக் கட்சிப் பெரியாக்களையும் எல்லே திட்டுறார்? நாளைக்கு அவையின்ர கையைத்தான் பிடிக்கவேணும்."

"பிறகு?" என்பார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

அந்தப் "பிறகு?" எனக்குப் போதும். ஊரில் தேர்தல் பார்த்த அளவுகோலை எடுத்துவிடுவேன். செத்தவீட்டுக்கு வருபவருக்கு வாக்கு விழும். வந்து கதிரை அடுக்குபவருக்கு அள்ளி விழும். செனற்றர் வருவார், கமெராவுக்கு முன்னால் கண்ணைத் துடைப்பார், கதிரையைத் தொடமாட்டார்.

"அப்ப வெல்லுவாரோ, மாட்டாரோ?"

"அதுதான் தங்கச்சி, சொல்லேலாது."

என் ஆய்வெல்லாம் "சொல்லேலாது" என்பதில்தான் முடியும். பிறம்ரனும் வந்துவிடும்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லைசென்ஸ் திரும்பிவர வேண்டுமென்று முருகனுக்கு விரதம் பிடித்தேன். சாப்பாட்டை விட்டேன். இன்சுலின் ஊசியை மட்டும் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். முருகனே தன் தலையில் கைவைத்திருப்பார்.

காரில் வழக்கம்போலச் செனற்றரைத் தொடங்கினேன். வேர்த்தது. ஹீற்றர் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

"உவர் கட்டாயம் வெல்லுவார், தங்கச்சி. ஒருத்தராலயும் மறிக்கேலாது."

கார் அடுத்த எக்ஸிற்றால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு கோப்பிக்கடை வாசலில் நின்றது. தங்கச்சி கதவுப் பக்கத்திலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பெட்டியை எடுத்து, ஸ்ட்ரோவைக் குத்தி, என் வாயில் வைத்தார்.

"குடியுங்கோ. கதைக்காதேங்கோ."

குழந்தைப்பிள்ளை மாதிரி உறிஞ்சினேன். சீனி மெல்ல ஏறியது. மயங்கவில்லை.

"என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்?"

"உந்த மனுசனைப் பற்றி ஒருநாளும் நீங்கள் உறுதியாச் சொன்னதில்லை. இண்டைக்குக் கட்டாயம் எண்டியள். மூளை வேலை செய்யேல்லை எண்டு விளங்கிட்டுது."

"அப்ப இவ்வளவு நாளும் நான் சொன்னதெல்லாம் கேட்டனீங்களோ?"

"கேக்காமல்? நீங்கள் பேசாமல் இருந்தாத்தான் எனக்குப் பயம்."

என் ஞானத்துக்கு விழுந்த கைதட்டல் என்று நான் நினைத்திருந்த "பிறகு?" எல்லாம், பக்கத்துச் சீற்றில் இருப்பவன் நினைவோடு இருக்கிறானா என்று தட்டிப்பார்த்ததாம். ஜூஸ் பெட்டியும் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்ததாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் பேச்சை இவ்வளவு கவனமாக என் மனைவிகூடக் கேட்டதில்லை. ஒருத்தர் நம்மை இப்படிக் காவல் காத்துக்கொண்டு, அதைக் காட்டிக்கொள்ளாமலும் இருந்திருக்கிறார் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது.

வசந்தத்தில் லைசென்ஸ் வந்தது. அன்று பின்னேரமே ஒரு பெட்டி லட்டோடு தங்கச்சியின் கதவைத் தட்டினேன். நன்றி சொல்லப் பெரிய வசனமெல்லாம் யோசித்துவைத்திருந்தேன். கதவு திறந்ததும் லட்டை நீட்டினேன். வாயில் வந்தது வேறு.

"தங்கச்சி, நல்லா யோசிச்சுப் பாத்தனான். செனற்றர் கட்டாயம் வெல்லுவார்."

"நில்லுங்கோ, ஜூஸ் கொண்டாறன்."