இரண்டாம் யூனிட்டை நிறுத்திய மதியம்

1. சத்தம்

நான் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த பவர் பிளான்ட், அமீரகத்தில் ருவைஸ் நகருக்கு மேற்கே கடலோரத்தில் இருந்தது. கேஸில் ஓடும் பழைய பிளான்ட். மின்சாரத்தோடு, கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீரும் எடுப்போம். பக்கத்துச் சிறு ஊருக்கு அந்தத் தண்ணீர்தான். அதே கடற்கரையில் புதிய அணுமின் நிலையம் ஓடத் தொடங்கியதும் எங்கள் மின்சாரம் பெரிதாகத் தேவைப்படவில்லை. தண்ணீருக்காக இரண்டாம் யூனிட் ஒன்றை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தோம். இதையும் மூடிவிடலாமா என்று ஹெட் ஆபீஸில் அடிக்கடி பேசுவார்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப் புதுப் பைப்லைன் வரட்டும் என்று தள்ளிவைப்பார்கள்.

ஓர் ஆகஸ்ட் திங்கட்கிழமை மதியம், பாய்லருக்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் நீராவியும் ஒத்துப்போகவில்லை. தண்ணீர் எங்கோ குறைந்துகொண்டிருந்தது. பாய்லரைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்த ஆபரேட்டர் முருகேசன் ரேடியோவில் கூப்பிட்டார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். சாதாரணமாக அவர் குரல் உயராது. அன்று உயர்ந்தது.

“பாய், மூணாவது மாடில உஸ்ஸுன்னு சத்தம். நேத்து இல்ல இது. உள்ளுக்குள்ள அடிக்குது.”

“டியூப் லீக்கா?”

“அப்படித்தான் தெரியுது. மேல இன்சுலேஷன் பசங்க நிக்கிறாங்க. இறக்கிடவா?”

“முதல்ல அதைச் செய்யுங்க. நீங்களும் இறங்குங்க.”

2. போன்

டியூப் என்பது பாய்லருக்குள் தண்ணீர் ஓடும் குழாய். அதில் விழும் சின்ன ஓட்டை சில நாள் தாங்கலாம். இல்லையென்றால் அதிலிருந்து பீய்ச்சும் நீராவி பக்கத்து டியூபை அறுத்து, மொத்தமாக வெடிக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

நிறுத்துவதும் எளிதல்ல. முந்தைய தடவை நிறுத்தியபோது, குளிர்ந்த பாய்லரில் வால்வுகள் இறுகிப்போய், மறுபடி எழுப்புவதற்குள் படாதபாடு பட்டோம். இன்னொரு தடவை எழும்புமா என்று யாருக்கும் தெரியாது. ஊர்த் தொட்டியில் இரண்டு நாள் தண்ணீர்தான் இருந்தது. என் மனைவி சுலைஹாவும் பிள்ளைகளும் அந்த ஊரில்தான் இருந்தார்கள்.

சீஃப் இன்ஜினியர் செல்வராசா யாழ்ப்பாணத்துக்காரர். அன்று அபுதாபியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஹெட் ஆபீஸில் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

“தண்ணி டேங்கர் ஒழுங்கு செய்யுமட்டும் ஓட்டச் சொல்லினம். வியாழன் வரைக்கும்.”

“நீங்க என்ன சொல்றீங்க சார்?”

“நான் அங்க இல்லையப்பா. நீர்தானே பக்கத்தில நிக்கிறீர். நிப்பாட்டினாலும் ஓட்டினாலும் நான் உம்மோட நிப்பன். ஆனா முடிவு உம்முடையது.”

நல்ல மனிதர். போனை வைத்துவிட்டு மறுபடி மீட்டர்களைப் பார்த்தேன்.

முருகேசன் வியர்வை சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். “ஓட்டுறதுன்னா யாராச்சும் மேல போய்ப் பாத்துக்கிட்டே இருக்கணும்ல. நான் போகமாட்டேன் பாய். வேற ஆளையும் அனுப்பாதீங்க. நிறுத்திடுங்க.”

வீட்டுக்கு போன் செய்தேன். “சுலைஹா, வாளி, சட்டி, பானை எல்லாத்துலயும் தண்ணி பிடிச்சு வை. பக்கத்து வீடுகளுக்கும் சொல்லு.”

“ஏன், என்னாச்சு?”

“பிறகு சொல்றேன்.”

லோடைக் குறைத்து, பர்னர்களை ஒவ்வொன்றாக அணைத்தோம். எத்தனையோ வருடமாகக் கால் வழியே உணர்ந்துகொண்டிருந்த அதிர்வு நின்றது. கன்ட்ரோல் ரூமில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

3. திறந்தபோது

பாய்லர் ஆறியதும் திறந்து பார்த்தோம். ஓட்டை அரிசி அளவுதான். அதற்கு எதிரே இருந்த டியூப் ஒரு பக்கம் காகிதம்போல் தேய்ந்திருந்தது. “வியாழன் வரை தாங்கியிருக்குமா?” என்று, பாய்லரைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். “தாங்கியிருக்கலாம். சாயங்காலமே போயிருக்கவும் கூடும்” என்றார். இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

அந்த யூனிட் மறுபடி எழும்பவில்லை. ஊருக்கு டேங்கரில் தண்ணீர் வந்தது. அந்த வெயிலில் ஜனம் வரிசையில் நின்றது. “உங்க வீட்டுக்காரர்தானே நிறுத்துனது?” என்று கேட்கிறார்கள் என்று சுலைஹா கொஞ்ச நாள் கடைக்கே போகவில்லை.

பிளான்ட்டை மூட முடிவானதும் கான்ட்ராக்ட் ஆட்களின் விசாக்களை கேன்சல் செய்தார்கள். முருகேசனை என் காரிலேயே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியில் அவரே பேச்சை எடுத்தார்.

“மேல போகமாட்டேன்னு சொன்னப்பவே தெரியும் பாய், இது நின்னா நம்ம வேலையும் நின்னுரும்னு. வீட்ல ரெண்டு பொண்ணு இருக்கு. அதையும் நினைச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னேன்.”

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

இன்று அணுமின் நிலையங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எந்த யூனிட்டும் ஒருநாள் பழசாகும். அது நன்றாக ஓடும்போதே, எப்போது நிறுத்துவது, ஊர் என்ன செய்யும், ஆட்கள் எங்கே போவார்கள் என்று எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால், என்றோ ஒரு நாள், டியூட்டியில் இருக்கும் ஒருவர் தனியாக எடுக்க வேண்டிவரும்.