ஐந்து பேருக்கான வைஃபை

2024 ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். வானம் மூடியிருந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் இரும்பாலைப் புகை மேலே போகாமல் கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவிலேயே உட்கார்ந்துகொள்ளும். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தபோது கோயமுத்தூரிலிருந்து என் மகள் போன் செய்தாள்.

முந்தின இரவு அங்கே என் மனைவியின் தம்பி இறந்துபோயிருந்தான். அறுபத்து நாலு வயது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் விழுந்தவன்தான். என் மகள் அதே ஊரில் இருப்பதால் முதலில் போய்ச் சேர்ந்தவள் அவள்தான். எங்களால் போக முடியாது. ஜூலை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, என் மனைவி கூடத்தில் கட்டிலில் கிடந்தாள். அவளைத் திருப்பிப் படுக்க வைக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

"அப்பா, ரெண்டு மணிக்கு ஊட்டுல ஜெபம். மூணு மணிக்கு பெட்டிய மூடிட்டு சர்ச்சுக்கு எடுத்துக்கினு போறாங்க. போட்டோ ஸ்டூடியோக்காரர் எல்லாத்தயும் லைவ்ல போடறாரு. லிங்க் அனுப்பறேன். அம்மாவுக்கு பெட்டி மூடறதுக்கு முன்ன மாமா மூஞ்சிய காட்டிடுப்பா. பெரிய டிவிதான் வாங்கி வெச்சிருக்கியே."

எங்கள் ஜனங்களிடம் இப்போது இது வழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்கு வருவது போலவே சாவுக்கும் கேமராக்காரர் வருகிறார். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்தே பார்த்து அழுகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அது எங்களுக்கே தேவைப்பட்டது.

போனிலேயே காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மனைவிக்குச் சர்க்கரை நோயால் வலது கண்ணில் பார்வை போய்விட்டது. இடது கண்ணில் பாதிதான் இருக்கிறது. போனைக் கையில் கொடுத்தால் வெளிச்சம் தெரிகிறது என்பாள், அவ்வளவுதான். நாற்பத்து மூன்று அங்குல டிவியில் மட்டும் ஆளை அடையாளம் சொல்லுவாள். அவள் கட்டிலோடு கிடப்பதால்தான் பழைய டிவியை மாற்றி அதை வாங்கினேன். வாங்கிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கேபிள் பெட்டியில் வருகிற சேனல்களே அவளுக்குப் போதுமாக இருந்ததால் அதை வைஃபையோடு இணைக்கவில்லை. தேவை வரும்போது இணைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவள் அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, அவன் வாய மூடி வெச்சிருப்பாங்களா? முன்பல்லு கோணல் தெரியுமே. எங்க அம்மா செத்தப்ப அவனுக்கு ஒரு வயசு. நான்தான் இடுப்புல வெச்சிக்கினு திரிவேன். ஏரிக்கரைல நான் கீழ போட்டுத்தான் அந்தப் பல்லு கோணலா மொளச்சுது. எவனும் பாத்து சிரிக்கக்கூடாதுன்னு போட்டோவுக்குக்கூட வாயத் தொறக்கமாட்டான்."

"மூடியிருப்பார்கள். நீயே பார்க்கத்தான் போகிறாய்" என்றேன்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தேன். நேரம் நிறைய இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணி ஒரு தலைகூடப் பிசகாமல் கணக்குக் கொடுத்தவன். ஒரு டிவியை இணைக்க எனக்கு யாரும் வேண்டியதில்லை.

ரிமோட்டை அழுத்தினால் வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எங்களுடையது முதலில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் கடவுச்சொல் கேட்கிறது. எங்கள் கடவுச்சொல் பதினாறு எழுத்து. யாரும் ஊகிக்க முடியாதபடி நான் யோசித்து வைத்தது. அதைப் போனில் அடித்தால் ஒரு நிமிடம். டிவியில் ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறியை மேலே, கீழே, பக்கத்தில் என்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எண்களுக்கு வேறு பக்கம், பெரிய எழுத்துக்கு வேறு பொத்தான். முதல் தடவை அடித்து முடித்தபோது நூற்று முப்பத்தெட்டு முறை அழுத்தியிருந்தேன். சக்கரம் சுற்றியது. பிறகு, இணைக்க முடியவில்லை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும் என்று வந்தது.

சரிபார்க்கச் சொன்னால் சரிபார்க்கிறவன் நான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தேன். அதே பதில். மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். என் மனைவி கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்காவது தடவை நடுவில் கை தவறி எல்லாம் அழிந்தது. மோடத்தை அணைத்துப் போட்டேன். டிவியை அணைத்துப் போட்டேன். என் போனில் அதே வைஃபை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. வைஃபையில் குற்றமில்லை, டிவி புதியது, எனவே என் விரலில்தான் தப்பு என்று முடிவு செய்துகொண்டேன். ஆறு தடவை ஆனபோது மணி இரண்டேகால்.

போனில் ஜெபம் தொடங்கிவிட்டிருந்தது. போதகர் பேசுவதும் பெண்கள் பாடுவதும் கேட்டது. போனை அவள் முகத்துக்கு அருகில் பிடித்தேன்.

"வெள்ளையா ஏதோ தெரியுது. அதான் அவனா?"

"அது பந்தல் துணி."

"அப்ப எடுத்துடுங்க. டிவிலயே பாக்கறேன்."

வைஃபை போட்டுக் கொடுத்த கேபிள்காரருக்குப் போன் செய்தேன். ஐந்தாவது முறைதான் எடுத்தார். பின்னால் பம்பைச் சத்தம்.

"இன்னா நைனா, ஞாயித்துக்கெழமகூட வுடமாட்டீங்களா? ஆடி மாசம், பெரியபாளையத்துல அம்மன் கோயில்ல கீறேன். பொண்ணுக்கு வேப்பஞ்சேலை வேண்டுதல். சத்தமா பேசுங்க."

"டிவியில் வைஃபை ஏறவில்லை. ஆறு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்."

"ஆறு தடவயா. எண்ணிக்கினே போட்டிருப்பீங்க." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இருங்க, இருங்க. அது ஏறாது நைனா. நீங்க ஆறு இல்ல, அறுவது தடவ போட்டாலும் ஏறாது. நீங்கதானே போன வருசம் பூட்டு போடச் சொன்னது? அஞ்சு மிசினுக்கு மேல எதுவும் ஏறக்கூடாது, பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் ஏறக்கூடாதுன்னு பக்கத்துல நின்னு போட வெச்சீங்களே. நான்கூட சொன்னேன், இது அன்லிமிடெட்டு, ஊரே பாத்தாலும் உங்க டப்பு கரையாதுன்னு. கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து போகிற பையன்கள் எங்கள் மதில் ஓரம் நின்று போன் பார்ப்பதை அப்போது தினமும் கவனித்திருந்தேன். எங்கள் வைஃபையைத்தான் எடுக்கிறார்கள் என்று சந்தேகம். அதனால் ஐந்து என்று வரம்பு வைத்தேன். என் போன் ஒன்று. மகள், மருமகன், பேத்தி ஆகிய மூன்று பேரின் போன்கள். மருமகனுடைய லேப்டாப். இவற்றைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. அவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில் எட்டு நாள் வந்து தங்குவார்கள். மற்ற நாளெல்லாம் பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்து வைத்த சீட்டு மாதிரி நாலு இடம் காலியாகக் கிடக்கும். அந்தத் துண்டுகளைப் போட்டதே எனக்கு நினைவில் இல்லை. அன்றைக்கு அந்த மூன்று பேரும் கோயமுத்தூரில் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அந்தப் பூட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"இங்கேர்ந்து எப்டி எடுக்கறது? லேப்டாப் கடைல கீது. நான் ஜனத்துக்கு நடுவுல மாட்டிக்கினு கீறேன், ரோடு ஃபுல்லா ஜாமு. நைட்டுதான் வருவேன். இன்னா அவசரம், கிரிக்கெட்டா?"

"சாவு. என் மனைவியின் தம்பி. மூன்று மணிக்குப் பெட்டியை மூடுகிறார்கள். அவள் முகம் பார்க்க வேண்டும்."

"தப்பா நெனச்சுக்காதீங்க நைனா. மாடில குடித்தனம் கீறாங்களே, அவங்க போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போடச் சொல்லுங்க. டிவி அதுல ஏறிக்கும். சீக்கிரம் போங்க."

மாடியில் குடியிருக்கும் அம்மாள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். கணவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. ஜனவரியில் ஒரு நாள் வந்து, தன் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, பாட வீடியோ பார்க்க வைஃபை கொடுங்கள் என்று கேட்டாள். ஐந்து பேருக்குத்தான் எடுக்கும், இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அதற்குப் பிறகு வாடகை கொடுக்கும்போது மட்டும்தான் பேச்சு. நான் அவள் கதவைத் தட்டியபோது மணி இரண்டு நாற்பது. இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்கியவள் தலையை முடிந்துகொண்டே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க போன்லயே ஹாட்ஸ்பாட் போடலாமே சார்."

"அதில் நெட் கிடையாது. பேச மட்டும்தான் ரீசார்ஜ் செய்வேன். வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப அந்த அஞ்சு பேருக்குதான்னு சொன்னது நெசந்தானா? நான் குடுக்க மனசில்லாம சொல்ற சாக்குன்னு நெனச்சேன்."

"நிஜம்தான்."

"சாக்காவே இருந்திருந்தா தேவல சார்" என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் படி இறங்கிவிட்டாள்.

அவளுடைய கடவுச்சொல் ஒன்றிலிருந்து எட்டு வரை. அவ்வளவுதான். டிவி உடனே ஏறியது. என் மனைவி தலையணையில் தலையைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் டிவி படம் காட்டவில்லை. முதல் முறை நெட் கிடைத்ததும் நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொள்ளச் சொன்னது. பக்கம் பக்கமாக வந்தது. நான் படிக்கத் தொடங்கினேன்.

"சார், அத யாரும் படிக்க மாட்டாங்க. குடுங்க" என்று ரிமோட்டை வாங்கினாள். ஒப்புக்கொண்டாள். பிறகு வீடியோ பார்க்கிற செயலியைப் புதுப்பிக்க வேண்டும் என்றது. பத்து சதவீதம், பதினாலு சதவீதம். எங்கள் தெருவில் போன் சிக்னல் எப்போதுமே குறைவு. அவள் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள். சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்ததும் புகை உள்ளே வந்தது. என் போனில் போதகரின் குரல், "முகம் பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது. நாற்பத்தொரு சதவீதம்.

"இன்னாங்க, கூப்புடறாங்களே" என்றாள் என் மனைவி.

"வந்துவிடும்."

"அவங்கள கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. போன் பண்ணிச் சொல்லுங்க."

மகளுக்குப் போன் செய்தேன். ஓயாமல் மணி அடித்தது. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்திருப்பாள், போன் பையில் இருந்திருக்கும். செயலி புதுப்பித்து முடிந்ததும் மாடி அம்மாள் ரிமோட்டில் இருக்கும் மைக்கை அழுத்தி ஸ்டூடியோவின் பெயரைச் சொன்னாள். டிவி வேறு எதையோ காட்டியது. மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை கிடைத்தது. சக்கரம் சுற்றிச் சுற்றி, மூன்று மணி ஏழு நிமிடத்துக்குப் படம் வந்தது.

படம் மிகவும் நன்றாக இருந்தது. சட்டையின் தையல்கூடத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட முதுகுகள், ஆறு பேர், குனிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்தபோது பெட்டி அவர்கள் தோளில் இருந்தது. மூடியின் மேல் வெள்ளைச் சிலுவை.

"இவங்கல்லாம் யாரு? முதுகுதான் தெரியுது. அவன் எங்க?"

மாடி அம்மாள்தான் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மூடிட்டாங்கம்மா" என்றாள். என் மனைவி அப்போதும் அழவில்லை. பெட்டி வாசலைத் தாண்டும்வரை பார்த்தாள். பிறகு தலையைக் கீழே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கேபிள்காரர் லேப்டாப்போடு வந்தார். நெற்றியில் மஞ்சள் இன்னும் இருந்தது. பூட்டை எடுக்க நாலு நிமிடம். "இனிமே எத்தினி பேர் வேணா ஏறலாம்" என்றார். மாடி அம்மாளுக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அதற்குள் அவள் பெண் பரீட்சை எழுதி முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டாள்.

நேரலையாகப் போனது முழுவதும் பதிவாக அங்கேயே இருந்தது. முந்தின இரவே என் போனில், சமையல்கட்டில் நின்று பார்த்துவிட்டேன். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். வாய் மூடித்தான் இருந்தது. டிவியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தி வைத்துவிட்டு என் மனைவியை எழுப்பினேன்.

"முகம் இருக்கிறது. போடட்டுமா? வாயை மூடித்தான் வைத்திருக்கிறார்கள்."

அவள் கண்ணைத் திறந்தாள். டிவி பக்கம் திரும்பவில்லை.

"வேணாங்க. அப்ப பாத்திருந்தா நானும் அங்க நின்னமாதிரி. இப்ப அவன மண்ணுல வெச்சாச்சு. இது வெறும் படம். கேபிள் போடுங்க."

போட்டேன். அதற்குப் பிறகு நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு முறையும் அதே பதில். மூன்றாம் முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வைஃபை இப்போது டிவியில் எப்போதும் ஏறியே இருக்கிறது. யாரும் எதுவும் பார்ப்பதில்லை. கேபிள்காரர் வந்துபோனதற்கு இருநூறு ரூபாய். ஹாட்ஸ்பாட்டில் தீர்ந்துபோன நெட்டுக்காக மாடி அம்மாள் போனுக்கு ரீசார்ஜ் அறுபத்தொரு ரூபாய். மொத்தம் இருநூற்று அறுபத்தொரு ரூபாய்.