பட்டென்று வந்த தலைவலி

என் கணவருக்கு மைக்ரேன் பல வருடப் பழக்கம். சின்னசேலம் பக்கம் எங்கள் மரவள்ளிக் கொல்லையில் கிழங்கு மூட்டையைத் தூக்கியவர், தலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனையில், "மைக்ரேன்தாங்க. ஊசி போட்டா போய்க்கினே இருப்பேன்" என்றார் அவரே. நர்ஸ் ஊசியைப் போடக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எப்பவும் மெள்ளத்தாங்க ஏறும். இன்னிக்கு மூட்டயத் தூக்கசொல்ல பட்டுனு வந்துச்சு" என்றேன்.

டாக்டர் ஊசியை நிறுத்தச் சொன்னார். என் கணவரின் கழுத்தை முன்னால் மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை.

"இடி இறங்குன மாதிரி வர்ற வலிக்குத் தண்டர்கிளாப்னு பேரும்மா. கழுத்தும் மடங்கல, மூளையில ரத்தம் கசியலாம்" என்று உடனே சேலத்துக்கு அனுப்பினார். ஸ்கேனில் கசிவு தெரிந்தது. ஆபரேஷனில் பிழைத்தார்.

இப்போதெல்லாம் டாக்டரிடம் நாங்கள் நோயின் பெயரைச் சொல்வதில்லை. வலி வந்த விதத்தைத்தான் சொல்கிறோம். என் கணவர் தன் நெற்றியில் கை வைத்தாலே என் வாயில் முதலில் வருவது, "மெள்ள வந்துச்சா, பட்டுனு வந்துச்சாங்க?"