‘மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு’ என்றால் செலின் அக்காவுக்குக் கோபம் வரும்

செய்தி வந்தபோது எங்கள் கம்பெனிப் பேருந்து ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாவது பாலத்தின் நடுவில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. செலின் அக்காவின் மகள் ஜெசிந்தா, பேருந்துத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தாள்: “அம்மா விடிகாலையில போயிட்டாங்க.” படித்தவர்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாலத்தில் வண்டியைத் திருப்ப வழியில்லை. சிங்கப்பூருக்குள் நுழைந்து, கடப்பிதழைக் காட்டி, வேறு பேருந்து பிடித்து, மறுபடியும் கடப்பிதழைக் காட்டித்தான் ஜொகூர்ப் பக்கம் கெலாங் பாத்தாவுக்குத் திரும்ப முடிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் வாசலில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பசியாறிவிட்டு வந்தோமா என்று கேட்டார். நானும் ஒரு நாற்காலியை எடுத்து விரித்தேன்.

உங்களில் பலருக்கு செலின் அக்காவைச் சிங்கப்பூர் துவாஸ் பிஸ்கட் தொழிற்சாலையின் பொட்டலப் பிரிவில் தெரிந்திருக்கும். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி கெலாங் பாத்தாவுக்கு வந்தார். அதிகம் சிரிக்க மாட்டார். அவர் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். முதல் நாள் பார்த்த கொரிய நாடகத்தை மறுநாள் வேலை நடக்கும்போதே எங்களுக்குத் தமிழிலும், எதிரில் நிற்கும் சீனப் பெண்களுக்கு மலாயிலும் சொல்லிக்கொண்டே போவார். கை மட்டும் நிற்காது. கதை கேட்கிற கும்பல் என்று எங்களைத் திட்ட வந்த மேற்பார்வையாளர் ஒருவர், கதாநாயகன் ஆவியா மனிதனா என்று தெரியும்வரை அங்கேயே நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அக்கா கொரிய நாடகம் பார்க்கத் தொடங்கியது கொரோனாவால் எல்லை மூடிய காலத்தில். அக்கரையில் வேலை வேண்டுமென்றால் அக்கரையிலேயே தங்க வேண்டும் என்று ஆனபோது, நானும் அவரும் தொழிற்சாலை விடுதியில் ஓர் அறையில் தங்கினோம். ஒரு மாதம் என்று நினைத்துத் துணி எடுத்துப் போனோம். இரண்டு வருடம் ஆகிப்போனது. விடுதியின் மாடியிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் ஜொகூர்க் கரை தெரியும். ஆனால் போக முடியாது. முதல் சில வாரம் அக்கா மாடிக்குப் போய்ப் பார்த்தார். பிறகு போவதை நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில்தான் என் கைப்பேசியில் ஒரு நாடகம் பார்த்தோம். குடைக் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கும் மழைத் தேவனுக்கும் காதல். மழை பெய்தால் மட்டும் இரண்டு உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு திறக்கும். அக்கா ஜெபமாலை சொல்லி முடித்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். கடைசி வாரத்தில் மழை நின்றுபோகிறது, கதவு மூடிக்கொள்கிறது. திரை கறுப்பாகி, ‘மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று எழுத்து வருகிறது. அந்தப் பெண் புது மேலங்கியும் புது முடிவெட்டுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தேவன் எப்படியோ திரும்பி வருகிறான். பூ உதிர்கிறது. முடிந்தது.

எனக்கு அது போதும் என்றிருந்தது. சேர்ந்துவிட்டார்கள் அல்லவா? அக்கா கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“மூணு வருஷம்னு எழுதிட்டா முடிஞ்சிருமா வாசுகி? அந்த மூணு வருஷமும் அவ என்ன தின்னா, எப்படித் தூங்குனா, யாருகிட்ட பேசுனா? அதைக் காட்டத் தெரியலனா எதுக்குக் கதை எடுக்குறானுங்க?”

அதன் பிறகு நாங்கள் பார்த்த பெரும்பாலான நாடகங்களின் முடிவும் அவரை ஏமாற்றத்தான் செய்தது. கதாநாயகன் ஒளியாகி மறைவான்; அல்லது இருவரும் அடுத்த பிறவியில் ஒரு காப்பிக் கடையில் மோதிக்கொள்வார்கள். “அடுத்த பொறப்புல வர்றவன் வேற ஆளுலா,” என்பார் அக்கா. ஒவ்வொரு தடவையும் இனி பார்க்கப்போவதில்லை என்பார். மறுவாரமே புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்பார். முடிவு மோசமாக இருக்கும் என்று தெரிந்தே ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “முடிவுக்காகவா பாக்குறோம்?” என்றார்.

எல்லை திறந்து நாங்கள் திரும்பிய நாளில் பேருந்து நிலையத்துக்கு அந்தோணி அண்ணன் வந்திருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நினைத்தேன். அண்ணன் வாய் திறந்து சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

“எப்ப விழுந்துச்சு?”

“போன வருஷம்.”

“ஏன் சொல்லல?”

“பல்லு போனதுக்கெல்லாமா சொல்லுவாங்க.”

கைப்பேசியில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று அண்ணன் வெறும் குரலில் மட்டும் பேசிவந்தது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அக்கா கீழே வைத்த பையைத் தூக்கவே இல்லை. அந்தப் பல்லுக்காக அவர் அழுத அழுகையை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. பரிசோதனை முடிவு வந்ததும் ஜெசிந்தா அதை முதலில் தன் அப்பாவிடம்தான் சொன்னாள். அம்மாவுக்கு வயிற்றுப்புண் என்று சொல்லிவிடலாம், தெரிந்தால் தாங்க மாட்டார் என்பது அவள் எண்ணம். அக்கா இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, தன்னைக் குழந்தையாக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பிறகு மருத்துவரிடம் தானே கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். எவ்வளவு வலிக்கும், எப்போது நடக்க முடியாமல் போகும் என்பதுவரை. வீட்டுக்கு வந்து அண்ணனுக்குச் சோறு வடிக்கவும் மீன் கழுவவும் கற்றுக்கொடுத்தார். மீன் நன்றாக வரவில்லை என்று கடைசிவரை குறை சொன்னார்.

அப்போது அவர் ஒரு நாடகத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறருடைய நோயைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும் சாகா வரம் பெற்ற வைத்தியனின் கதை. கடைசி இரண்டு பகுதி வரும் வாரத்தில் அவரால் திரையைப் பார்க்க முடியவில்லை; வெளிச்சம் கண்ணை உறுத்தியது. நான் பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல்ல வேண்டும் என்றார். நான் பார்த்தேன். மோசமான முடிவு. வைத்தியன் தன் காதலியின் நோயை வாங்கிக்கொண்டு மறைகிறான். எல்லோர் மனதிலிருந்தும் அவன் நினைவு அழிக்கப்படுகிறது. பல ஆண்டு கழித்துத் தெருவில் யாரோ ஒருவன் அவளைக் கடந்துபோகிறான். காரணம் தெரியாமல் அவள் கண்ணிலிருந்து ஒரு துளி விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்தி, நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர் கண்ணைப் பார்த்துச் சரியென்றேன். கட்டில் அருகில் உட்கார்ந்ததும் அக்கா, “மாத்திச் சொல்லாத,” என்றார். உள்ளே அவருக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்க வேண்டும். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அக்காவுக்கு வந்த கோபம்! தலையணையை உயர்த்தச் சொன்னார். பல நாட்களாக ஒரு வார்த்தை இரண்டு வார்த்தைக்குமேல் பேசாதவர், அந்த நாடகத்தை எழுதியவரைக் கூப்பிட்டு நிறுத்தியதுபோலப் பேசினார். அண்ணன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“மறக்க வெச்சிட்டா வலிக்காதுன்னு நெனைக்கிறானுங்க,” என்றார் அக்கா. “அவ அழணும். அவனை நெனைச்சு அழுறதுக்கு அவளுக்கு உரிமை இல்லையா?” பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். “நீங்க அழுங்க. அழுதுட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

அண்ணன் தலையாட்டினார். அடுத்த வாரம் நான் போனபோது அக்காவுக்கு ஆளைத் தெரியவில்லை. அதற்கடுத்த வாரம்தான் அந்தச் செய்தி வந்தது.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனேன். காப்பி கலக்கிக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து கேட்டார். “அங்க ஹாஸ்டல்ல அவ எப்படிமா இருந்தா? போன்ல எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா.”

சொல்லத் தொடங்கினேன். கட்டிலுக்கு மேல் அண்ணன் பெயரை எழுதி அக்கா ஒட்டிவைத்திருந்ததை. சோறு வேகவில்லை என்று சமையற்காரரோடு சண்டை போட்டதை. சம்பளம் வந்த நாளில் எல்லோருக்கும் மாங்காய் வாங்கியதை. கிறிஸ்துமஸ் அன்று யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை. விடுதி முற்றத்தில் பங்களாதேஷ்காரர் ஒருவரின் சைக்கிளை இரவல் வாங்கி, விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டதையும் சொன்னேன்.

“செலினுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“நல்லா ஓட்டுவாங்க அண்ணே. கையை விட்டுட்டுகூட ஓட்டுவாங்க.”

அவர் சிரித்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் தடுக்கவில்லை. அழுது முடித்து, அக்கா எப்படி விழுந்தார், அடிபட்டதா, எந்த முழங்கால் என்று கேட்டார். இடது முழங்கால் என்றேன்.

செலின் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு வருடம். அவருடைய கணவரும் மகளும் பார்க்காத அவரை நான் பார்த்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களிடம் கொடுத்து வருகிறேன்.